ரத்தத்தில் ஒன்றுமில்லை

"மொத்தம் நாலே பேர்தானா?" என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

"நாலுதான் சாமி. அதுல ரெண்டு பேரு மழைக்கு ஒதுங்கினவங்க," என்றான் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கும் நேசமணி.

மழை விட்டது. இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

ஸ்ரீகண்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. கரமனையில் கல்யாணச் சமையலுக்குப் பேர்போன குடும்பம் அவருடையது. "கரண்டி பிடிக்கறது நம்ம ரத்தத்துலயே இருக்குடா" என்று அண்ணா சொன்னதைப் பொய்யாக்கிக் காட்டும் வீறாப்பில்தான் இந்த விஞ்ஞானப் படத்தையே எடுத்தார். இன்னும் அறுபது வருஷம் கழித்து, இரண்டாயிரமாவது ஆண்டில், ஒரு டாக்டர் சமையல்காரர் வீட்டுக் குழந்தையின் ரத்தத்திலுள்ள பரம்பரை விதையை மாற்றி, அவனை ஆகாய விமானம் ஓட்ட வைக்கிற கதை. டாக்டரின் ஆய்வுக்கூடம் முழுக்க வீட்டு உருளிகளும் அண்டாக்களும்தான். வெள்ளிக்கிழமைக்குள் கூட்டம் சேராவிட்டால் படத்தைத் தூக்கிவிடுவார்கள். அப்புறம் அண்ணாவுக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

"ஏன்னா, நோட்டீஸ்ல உறைப்பு போறாது," என்றாள் மனைவி சூடாமணி.

மறுநாள் மாட்டுவண்டியில் தம்பட்டத்தோடு புது நோட்டீஸ் பறந்தது: 'இந்தப் படத்தைப் பாருங்கள்! இனி உங்கள் பிள்ளைகள் உங்களைப் போல இருக்கமாட்டார்கள்!'

சாயங்காலமே ஆரியசாலை மொத்த வியாபாரி தாணு பிள்ளை கடைத்தெருவையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எம்பிள்ளை என்னைப் போல இல்லேண்ணா, பின்ன ஆரைப் போலவாம் சாமி? சொல்லும்!"

நடுங்கிப்போன ஸ்ரீகண்டன் நோட்டீஸைத் திருத்தினார்: 'உங்கள் பிள்ளைகள் அச்சாக உங்களைப் போலவே இருப்பார்கள்!'

இப்போது வந்தது தாணு பிள்ளையின் மனைவி சிவகாமியம்மாள். பின்னால் தெருப் பெண்கள்.

"இவியளப் போல இன்னொண்ணா? ஒண்ணோட படுத பாடு போராதா? எங்க வீட்டு ஆம்பிளைய ஒருத்தரும் இந்தப் படத்துக்கு வரமாட்டாவ!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. இரு கட்சியிடமும் மன்னிப்புக் கேட்டு, படத்துக்கு வரச்சொல்லி, இடைவேளையில் எல்லாருக்கும் போளி என்றும் வாக்குக் கொடுத்தார். போளி போட ஏற்பாடு செய்திருந்த ஆள் வரவில்லை. "இன்னிக்கு ஒரு நாள்தான், கேட்டயா" என்று சூடாமணியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு மூட்டி அவரே தோசைக்கல்லைப் போட்டார். ஒரு நாள் வந்தவர்களுக்குக் கொடுத்து மறுநாள் வந்தவர்களுக்கு இல்லையென்றால் ஓரவஞ்சனை ஆகாதா? மறுநாளும் போட்டார்.

வெள்ளிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. தாணு பிள்ளை குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரே நெரிசல்.

ஸ்ரீகண்டன் மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தயா சூடா! ஜனங்களுக்கு விஞ்ஞானம் புரிஞ்சுடுத்து. ரத்தத்துல ஒண்ணுமே இல்லேன்னு இனி அண்ணாவே ஒத்துப்பார்!"

அந்த முகத்தைப் பார்க்கச் சூடாமணிக்கு ஆசையாக இருந்தது. அவர் மூக்கில் ஒட்டியிருந்த மாவை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

நேசமணி தலையை நீட்டினான்.

"சாமி, வெளிய நிக்கப்பட்டவங்க கேக்காங்க... இன்டர்வெலுக்கு மட்டும் தனியா டிக்கெட் உண்டுமாண்ணு!"