நானூறு வீட்டு ‘வந்துபோடறோமுங்க’

சோமனூர்,
20-5-1996

காங்கேயம் மச்சான் சென்னகேசவன் அவர்களுக்கு, சோமனூர் காளிச்சாமி கும்பிட்டு எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் பதினாறு தறிகளும் நலம். உங்கள் வீட்டார், காளைகள், தென்னைகள் அனைவர் நலமும் அறிய ஆவல்.

இன்னும் பத்து நாளில் உங்கள் தங்கை மகள் வர்ஷினிக்குக் கல்யாணம். ஆயிரம் பேரை அழைத்திருக்கிறேன். எத்தனை இலை விழும் என்று தெரியவில்லை. பந்தியில் சோறு தீர்ந்துபோனால் ஊரில் எப்படித் தலைகாட்டுவேன்? வர்ஷினி புள்ளியியல் படித்தவளாயிற்றே, ஆயிரம் பேரையும் சீட்டெழுதி அண்டாவில் போட்டு, கண்ணை மூடி நூறு சீட்டு எடுத்து, அவர்களுக்குப் பதில் கார்டு அனுப்பினாள். பேர் வேண்டாம், வருவீர்களா மாட்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள் என்று. எண்பது பேர் வருகிறார்கள், இருபது பேர் வரவில்லை. சரி, எண்ணூறு இலை என்று நான் எழுந்தால், “இருங்கப்பா, பிழை வரம்பு பாக்கோணும்”னு உட்கார வெச்சுட்டா. எண்பதை இருபதால பெருக்கி, நூறால வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா நாலு. அதை ரெண்டால பெருக்குனா எட்டு. அதனால நூத்துக்கு எண்பதுங்கறது எட்டு கூடலாம், எட்டு குறையலாம். எழுநூத்தி இருபது இலையிலிருந்து எண்ணூத்தி எண்பது வரைக்கும். நூறு தடவை இப்படிச் செஞ்சா தொண்ணூத்தஞ்சு தடவை சரியா இருக்குமாம். “மிச்சம் அஞ்சு தடவை?”ன்னேன். “அது உங்க அதிர்ஷ்டமுங்கப்பா”ன்னு சிரிக்கறா.

“பிழையைப் பாதியாக்கு கண்ணு”ன்னேன். “அதுக்கு நாலு மடங்கு பேரைக் கேக்கோணுமுங்க”ன்னா. இவ்வளவுதானேன்னு மொபெட்டை எடுத்து நானே நானூறு ஊடு ஏறி இறங்கிட்டேன். நானூறு பேரும் “வந்துபோடறோமுங்க”ன்னாங்க! கால் ஒடஞ்சு கட்டோட படுத்திருக்கிற கதிர்வேல் சொன்னாரு. அதே நாள் தன் பேரனுக்குக் காதுகுத்து வெச்சிருக்கிற பூவாத்தாளும் சொன்னாங்க. வராதவங்க சைபர், நூறை சைபரால பெருக்குனா சைபர். பிழையே இல்லை மச்சான்! ஆயிரம் இலைன்னு குதிச்சுட்டு வந்தா, வர்ஷினி வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்கறா. “ஏனுங்கப்பா, மூஞ்சிக்கு நேரா நம்மூர்ல ஆரு வரமாட்டேன்னு சொல்லுவாங்க? இன்னும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் இந்தப் பிழை குறையாதுங்க. பேரில்லாத கார்டுதான் நெசம்.”

இப்படியொரு புள்ளையைப் பெத்ததுல எனக்கு மனசு நெறஞ்சு கெடக்குது மச்சான். எதுக்கும் எண்ணூத்தி எண்பதுன்னே முடிவு பண்ணிப்போட்டேன். உங்க ஊர்ச் சமையல்காரர் அங்கப்பன்கிட்ட இந்த எண்ணிக்கையை மட்டும் சொல்லிருங்க. ஆளைப் போன வாரமே உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்துப் பேசிட்டேன். இனி ஒரு கவலையும் இல்லை.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, குழந்தைகளுக்கு முத்தம், காளைகளுக்கு முதுகில் ஒரு தட்டு.

தங்கள்,
காளிச்சாமி

பி.கு.: உறையை ஒட்டும்போதுதான் உறைத்தது. அங்கப்பன்கிட்டயும் மூஞ்சிக்கு நேராத்தான் கேட்டேன். “வந்துபோடறேனுங்க”ன்னாரு. மச்சான், இது கெடச்சதும் அவரு ஊட்டுக்குப் போங்க. வருவீங்களான்னு கேக்காதீங்க. கரண்டியோட பஸ்ஸில் ஏத்திக் கூட்டிட்டு வந்துபோடுங்க. கல்யாணம் வரைக்கும் எங்க ஊட்டுலயே இருக்கட்டும்.