ஏழாம் வகுப்பில் கிரிவலப் பாதை

கடல் வரவில்லை. வி.ஆர். கண்ணாடிக்குள் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அடி அண்ணாமலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில் கடலைப் பார்த்திருந்தவர்கள் நான்கே பேர். மற்றவர்களுக்கும் காட்டிவிட வேண்டுமென்று அருணாதேவி டீச்சர் கெஞ்சி வாங்கிய கண்ணாடி அது. பௌர்ணமிக் கூட்டத்தில் நெட் படுத்துவிட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி பரசுராமனோ அதைத் தலையில் மாட்டிக்கொண்டு கடலுக்காகக் காத்திருந்தார்.

"ஏதாவது ஒண்ணு காட்டுங்க டீச்சர்" என்று பல்லைக் கடித்தார் தலைமையாசிரியர் ராஜேந்திரன்.

செல்லில் இறக்கி வைத்திருந்தது ஒன்றுதான். மூன்று வருடங்களுக்கு முன் யாரோ எடுத்த, நாலாபக்கமும் திரும்பிப் பார்க்கக்கூடிய கிரிவலப் பாதையின் சுற்றுப்படம். அதைப் போட்டாள்.

"இது நம்ம ரோடாச்சே" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார். நான் செல்லுல தள்ளத் தள்ள நடந்து போற மாதிரியே இருக்கும்."

படத்தில் வருண லிங்கக் கோயில் வந்தது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரி சட்டென்று அசையாமல் நின்றார்.

வாசலில் இருக்கிற ரோட்டைக் காட்டியதில் கோபம் போலிருக்கிறது என்று பயந்து, அருணாதேவி படத்தை முன்னால் நகர்த்தினாள்.

"பின்னாடி போங்க." குரல் கடுமையாக இருந்தது. "இன்னும் பின்னாடி."

அவரும் பின்னால் நகர்ந்தார். மேசை இடித்து, தண்ணீர் பாட்டில் வருகைப் பதிவேட்டின் மேல் கவிழ்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை.

"ஏன் முகம் தெரியல?"

தூசி என்று நினைத்த ராஜேந்திரன் கைக்குட்டையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். அதிகாரியின் மூக்கும் சேர்ந்து துடைபட்டது.

"தூசி இல்லைங்க சார்" என்றாள் அருணாதேவி. "ரோட்ல போறவங்க வரவங்க மூஞ்சிய மறைச்சுட்டுதான் படத்தைப் போடுவாங்க."

"அப்படியா" என்றார். சார்ஜ் தீரப்போவதாகக் கண்ணாடி கத்தியது. ஒயரைச் சொருகினாள். அதிகாரி மெல்லக் கீழே குந்தினார். காற்றில் கையை நீட்டினார். ஒயர் இழுபட்டு பிளக் கழன்று, படம் அணைந்தது.

கண்ணாடியைக் கழற்றியபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. ஆய்வுப் பதிவேட்டில் ஒரு வார்த்தைகூட எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வெளியேறினார்.

"சஸ்பெண்டுதான்" என்றார் ராஜேந்திரன். "ஓடிப்போய் மன்னிப்பு கேளுங்க."

அவள் ஓடினாள். அதிகாரி குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். ஜீப்பில் டிரைவர் வேடியப்பன் மட்டும் இருந்தார்.

"அண்ணே, சார் ரொம்ப கோவமா இருக்காரு. நீங்கதான் சமாதானம் பண்ணணும்."

"என்னா காட்டினீங்க மேடம்?"

"கிரிவல ரோடுதாண்ணே. வருண லிங்கத்துக்கிட்ட பச்சைப் புடவை கட்டினு ஒரு அம்மா வேர்க்கடலை விக்கிறாங்க. அதையே பாத்துக்கினு இருந்தாரு."

வேடியப்பன் குழாயடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"அது ஐயாவோட அம்மாங்க மேடம், போன மாசம்தான் தவறிட்டாங்க."