குதிரைப்படை பொறுப்பேற்கும் விதிகள்

காரைக்குடியில் கண்மாய்க் கணக்கெடுப்புத் தனி அலுவலகம் என்று ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை கண்மாய் என்று எண்ணிச் சொல்ல, ஆறு மாதத்துக்கென்று திறந்தார்கள். பதின்மூன்று வருஷம் ஆயிற்று. எண்ணி முடிப்பதற்குள் நாலைந்து கண்மாய்கள் வீட்டுமனை ஆகிவிடும். அரசாங்கத்துக்குத் தவறான கணக்கைக் கொடுக்கக் கூடாதே என்ற பொறுப்புணர்ச்சியோடு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அங்கே தற்காலிக ஊழியர் பதினேழு பேர். அதில் மூத்த தற்காலிகம் குழந்தைவேலு. ஏழு வருஷமாக எழுத்தர். அவன் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அதிகாரியின் மேஜையில் இருந்தது. வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. அந்த மேஜைக்கு நாலு அதிகாரிகள் வந்து போனார்கள். கோப்பு மட்டும் நிரந்தரமாக இருந்தது.

1971ல் ஐந்தாவதாக முத்துராமன் வந்தார். ஏதோ மலைவாசத்தலத்தில் பயிற்சிக்குப் போனபோது, ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரிடம் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஏலத்துக்கு வந்த ஒரு பெரிய வீட்டுச் சாமான்களில் சீமை ஈயச் சிப்பாய்கள் அகப்பட்டதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. விரல் உயரம். நாற்பது குதிரைவீரர், அறுபது காலாள், கூடவே இங்கிலீஷில் ஒரு விதிப்புத்தகம். மனமகிழ் மன்றத்தின் பிங்பாங் மேஜையில் ஞாயிறுதோறும் போர் நடைபெறும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அடி ஸ்கேலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, செத்தவர்களை எண்ணுகிற விளையாட்டு.

ஒரே மாதத்தில் அலுவலகத்தின் நடையே மாறிப்போயிற்று. தட்டெழுத்தர் முறுக்கு மீசை வளர்த்தார். டீக்குப் போவதை எல்லோரும் 'பின்வாங்குதல்' என்றார்கள். சைக்கிளில் ஏறுகிறவர்கள் சேணத்தில் ஏறுகிற மாதிரி ஏறினார்கள்.

குதிரைப்படை எப்போதும் அதிகாரிதான். காலாட்படைக்கு ஓர் ஆள் வேண்டுமே? ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடியவன் தற்காலிக ஊழியன் என்பதால் குழந்தைவேலுவைப் போட்டார்கள்.

குழந்தைவேலு பள்ளி இறுதியோடு நின்றவன். மீதி இங்கிலீஷை அவன் பொட்டலக் காகிதத்தில் படித்தான். அகராதியோடு மல்லுக்கட்டி விதிப்புத்தகத்தையும் படித்து முடித்தான். அதில் ஓரிடம் மனப்பாடமே ஆகிவிட்டது. காலாட்கள் சதுரமாக, முதுகோடு முதுகு சேர்த்து நின்று, துப்பாக்கிக் கத்தியை நாலு பக்கமும் நீட்டினால் எந்தக் குதிரையும் கிட்டே வராது. ஒருவன் வரிசையை விட்டு ஓடினால் எல்லோரும் தீர்ந்தார்கள்.

முதல் ஞாயிறு அப்படியே சதுரம் கட்டினான். அதிகாரியின் குதிரைகள் பதினொன்று செத்தன. அவர் ஒரு காலாளை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சூப்பிரண்டு மாயக்கண்ணன் குழந்தைவேலுவை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏன் அப்பு, உனக்கு வேலை நிரந்தரமாகணுமா, சண்டையில செயிக்கணுமா?"

"புத்தகத்துல அப்படித்தான் சார் போட்டிருக்கு."

"புத்தகமா உனக்குக் கையெழுத்துப் போடப்போகுது?"

அடுத்த ஞாயிறிலிருந்து தோற்றான். வீட்டுக்கு வந்ததும் அவன் மனைவி அழகி வாசலிலேயே கேட்பாள்: "இன்னைக்கு நல்லபடியாத் தோத்தீகளா?"

"அம்பத்தொம்பதும் போச்சு."

"நல்லாருப்பீக. இருங்க, ரெண்டு அப்பளம் பொரிக்கிறேன்."

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அலுவலகத்தில் உள்ள சகல விதிகளும் ஒரு மாதத்துக்குள் தமிழில் இருக்க வேண்டும். இத்துடன் இணைக்கப்பட்ட சொற்பட்டியலில் உள்ள சொற்களை மட்டுமே ஆள வேண்டும். சகலம் என்றால் சகலம்தான். போர் விதிகள் குழந்தைவேலுவிடம் வந்து சேர்ந்தன.

'குதிரைகள் காலாட்கள்மேல் பாயும்போது' என்று எழுதிக்கொண்டு போனான்.

மாயக்கண்ணன் பட்டியலைப் புரட்டினார். "பாய்தல் இதுல இல்லையே. பாய் இருக்கு. அது ஸ்டோர் சாமான். இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான்?"

"சார்ஜ்."

"அட, நம்ம சார்ஜுதான! இந்தா இருக்கு, 'சார்ஜ் எடுத்தல், பொறுப்பேற்றல்.' எழுது."

"சார், இது வேற சார்ஜு. குதிரை ஓடியாந்து மேல விழுகிறது..."

"முப்பது வருஷமாச் சார்ஜ் கொடுத்து வாங்குனவன் நான். எனக்கே சார்ஜ் சொல்லித் தாரியா?"

இவ்வாறாக 'குதிரைப்படை காலாட்படையிடமிருந்து பொறுப்பேற்கும் விதிகள்' பிறந்தன. அதிகாரி வழக்கப்படி படிக்காமல் கையெழுத்திட்டார். மேலிடமும் வழக்கப்படி படிக்காமல் ஒப்புதல் தந்தது.

அடுத்த ஞாயிறு அதிகாரி கையை ஓங்கி, "சார்ஜ்!" என்று முழங்கிக் குதிரைகளை நகர்த்தினார்.

மாயக்கண்ணன் தொண்டையைச் செருமினார். "ஐயா மன்னிக்கணும். விதி மூணு. குதிரைக பழைய இடத்துல இன்னும் விடுவிப்பு ஆணை வாங்கலை."

"என்னய்யா உளர்றீங்க?"

"ஐயா கையெழுத்துப் போட்டதுதான். நாளைக்குத் தணிக்கையில கேப்பாக."

எந்தப் படைக்கும் அஞ்சாத முத்துராமன் தணிக்கை என்றதும் குதிரையைக் கீழே வைத்தார்.

விடுவிப்பு ஆணைக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதன்பிறகு பயண காலம் ஆறு நாள். அதன்பிறகு உடல் தகுதிச் சான்று. மாட்டு வைத்தியர், 'குதிரைகள் நேரில் வர வேண்டும்' என்று எழுதினார். நேரில் போன நாற்பது குதிரைகளில் ஒன்றுக்குக்கூட நாடி கிடைக்கவில்லை என்று மறுபடியும் எழுதினார். ஐந்து மாதம் குதிரைப்படை பிங்பாங் மேஜையின் நடுவில் பயணத்திலேயே இருந்தது. காலாள் ஒருவன்கூடச் சாகவில்லை. உலகத்திலேயே இந்தப் போர்தான் நல்ல போர் என்று குழந்தைவேலு நினைத்துக்கொண்டான். அவனுக்கு வாய்த்த சந்தோஷங்களில் அது சற்றுப் பெரியது.

ஒருவழியாகப் பொறுப்பை ஒப்படைக்கும் நாள் வந்தது. மாயக்கண்ணன் பட்டியலை வைத்துக்கொண்டு காலாட்களை எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

"அறுபதுல ஒண்ணு குறையுதே அப்பு."

"மொத ஞாயிறு ஐயாதான சார் சட்டைப்பையில..."

"உஷ்!"

மறுநாள் குழந்தைவேலுவுக்கு மெமோ வந்தது. சொற்பட்டியலில் சார்ஜுக்கு இரண்டாவது பொருள், குற்றச்சாட்டு. அந்த மேஜையில் நடந்த போரில் உண்மையாகப் பாய்ந்த சார்ஜ் அது ஒன்றுதான். குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்வரை யாருக்கும் வேலை நிரந்தரம் ஆகாது.

விளக்கம் கொடுக்க அதிகாரியின் அறைக்குள் போனான். அதிகாரி பின்வாங்கியிருந்தார். மாயக்கண்ணன் மட்டும் இருந்தார். மேஜையில் அவன் கோப்பு இருந்தது. அதன்மேல், மின்விசிறிக் காற்றில் தாள் பறந்துவிடாமல், துப்பாக்கியை நீட்டியபடி அந்தக் காலாள் நின்றான்.

"சார், அந்தா நிக்கிறான்! அறுபதாவது ஆளு!"

மாயக்கண்ணன் நிதானமாக ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டினார். "அது பேப்பர் வெயிட்டு. ஈயம், எண்ணிக்கை ஒண்ணு. நிரந்தர இருப்பு, பக்கம் பதினாலு. ஐயா கையெழுத்து இருக்கு பாரு."

பார்த்தான். கையெழுத்து அழகாக இருந்தது. ஏழு வருஷம் காத்திருந்தது வீண்போகவில்லை. ஒரு காலாளுக்கு நிரந்தரம் ஆகிவிட்டது.

அந்த மாதக் கடைசியில் முத்துராமனுக்கு மாற்றல். மற்ற சிப்பாய்களைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போனார். பேப்பர் வெயிட் அலுவலகச் சொத்து என்பதால் கோப்பின்மேலேயே நின்றது.

புது அதிகாரி சார்ஜ் எடுக்க வருவதற்கு முந்தின நாள், குழந்தைவேலு தற்காலிக ஊழியர் எல்லோரையும் மன்றத்தில் கூட்டினான். சதுரத்தைப் பற்றிச் சொன்னான்.

"ஒருத்தரும் தனியாப் போய்க் கும்பிட வேண்டாம். பதினேழு பேரும் சேந்து நின்னு கேப்போம். வரிசை கலையாட்டி எந்தக் குதிரையும் கிட்ட வராது."

எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்தது. தன் பதவி உயர்வும் நிலுவையில் இருப்பதால் மாயக்கண்ணன்கூட சதுரத்தில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை ஜீப் வந்து நின்றது. பதினெட்டுப் பேரும் சதுரமாக நின்றார்கள். ஜீப்பின் கதவு திறந்தது. அப்போதுதான் தெரிந்தது, பதினெட்டுச் சட்டைப்பையிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் இருந்தது. வரிசையை விட்டு முதலில் ஓடியது யார் என்று அலுவலகத்தில் வெகுநாள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டார்கள்.

சாயங்காலம் அழகி வாசலில் நின்றாள். "பழத்தக் கொடுத்தீகளா?"

"மொதப் பழம் என்னோடதுதான்" என்றான் குழந்தைவேலு.

"அப்ப நல்லபடியாத் தோத்திருக்கீக" என்று சொல்லிவிட்டு, அப்பளம் பொரிக்க உள்ளே போனாள்.