குருத்துக்குப் பத்தியம்

ஒரு காட்டில், எலும்பு ஆஸ்பத்திரி வரிசையில், டோக்கனைப் பல்லில் கவ்விக்கொண்டு ரெஜினா என்ற புள்ளிமான் நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் குட்டி. ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அது இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்தது. சாய்ந்து நடக்கிற மான்குட்டிக்கு ஆயுசு எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே மூன்று டாக்டர்கள்.

"இடுப்பு மூட்டுல குருத்து போயிடுச்சும்மா," என்றார் மரங்கொத்தி.

"குருத்தா? மூங்கில் குருத்து தினமும் ஊட்டுறேனே, டாக்டர்."

மூவரும் சிரித்த சிரிப்பில் அவள் காது சிவந்துபோயிற்று.

"அது தின்கிற குருத்து. இது எலும்பு முனையில இருக்கிற மெத்தை. எலும்புல பொடித் துளை போட்டா, ரத்தம் கசிஞ்சு புது மெத்தை முளைச்சிடும்," என்றார் மரங்கொத்தி.

"முளைக்கும், நிக்காது," என்றார் தையல்சிட்டு. "நான் நல்ல இடத்துக் குருத்தை எடுத்து ஒட்டுப் போட்டுத் தைப்பேன்."

"ஒட்டு பிரியும்," என்றார் கறையான். "நான் துளிக் குருத்தை எடுத்துப் புத்துல வளர்த்துப் பூசுவேன்."

"இதுல எது நல்லது?"

"அதை நீங்கதாம்மா முடிவு பண்ணணும்," என்றார்கள் மூவரும்.

அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்தது. புலி. அதுவும் சாய்ந்துதான் வந்தது.

"எனக்கும் இடுப்புதான். எது சரின்னு சொல்லுங்க. சரியாகலேன்னா பண்ணின டாக்டரைத் தின்னுடுவேன்."

மரங்கொத்தி தொண்டையைச் செருமினார். "தையல்சிட்டு கை பட்டாத்தான் நிக்கும்."

"நானும் அதையேதான் சொல்ல வந்தேன்," என்றார் கறையான்.

"சேச்சே, கறையான் சார் முன்னாடி நான் எம்மாத்திரம்," என்றார் தையல்சிட்டு.

மூவரில் இருவர் கைகாட்டியது ஒட்டுக்கு. ரெஜினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. "என் குட்டிக்கு ஒட்டே போடுங்க."

"அது ஓடினா எனக்கும் அதே," என்றது புலி.

மழைக்காலம் முடிவதற்குள் குட்டி துள்ளியது. புலிக்கும் ஒட்டுப் போட்டார்கள். இடுப்பு நிமிர்ந்த புலி முதலில் யாரைத் துரத்தும் என்று ரெஜினாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் புலி நேராக அவளிடம் வந்தது. நிமிர்ந்து வந்தது.

"ஏம்மா, உன் குட்டி இந்த ஓட்டம் ஓடுதே, என்ன குடுத்த?"

அவள் குட்டியைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். குரலை நடுங்க விடவில்லை. "உங்களுக்குப் பத்தியம் சொல்லலையா? குருத்துக்குக் குருத்துதான். மூங்கில் குருத்து, வாழைக்குருத்து. கறி பட்டா ஒட்டு பிரிஞ்சிடும்."

"டாக்டர் சொல்லலையே."

"எந்த டாக்டர் பத்தியம் சொல்றார்? வார்டுல பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்லணும்."

புலி யோசித்தது. "எத்தனை நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

பெருமூச்சு விட்டுக்கொண்டு அது மூங்கில் புதரைப் பார்த்து நடந்தது.

நீதி: எந்த ஆப்பரேஷன் நல்லது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்துப் பெட்காரருக்குப் பத்தியம் சொல்லத் தெரிந்தால், பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.