ஜல்லியும் தாரும் நானும் மறியலில் நின்றது

டீசல் வண்டியை அணைக்கும்போது அது கடைசியாக ஒரு முறை உடம்பை உலுக்கிக்கொள்ளும், நனைந்த மாடு சிலிர்ப்பதுபோல. பிறகு நிசப்தம். மற்றவர்களுக்கு அது வண்டி வந்து நின்ற செய்தி. எனக்கோ இரண்டு கைகளும் தாமாக எழுந்து காதுகளைப் பொத்திக்கொள்ளும். போன தை மாதம் ஒரு கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வேன் வந்து நின்றபோது, வரவேற்க நின்ற நான் பன்னீர்ச் செம்பைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினேன். (சம்பந்தியம்மாள் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.)

இந்த வியாதி எனக்கு வடக்கனந்தலில் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்ட வருஷங்கள் அவை. எனக்கு இருபத்து நான்கு வயது. தொழில் கவிதை. அதாவது, தொழில் இல்லை.

என் அக்கா கஸ்தூரியின் வீட்டுக்காரர் ரோடு போடும் மேஸ்திரி. ரோடு எங்கே போகிறதோ அங்கே அவர்கள் குடித்தனம். சுகாதாரத் துறை ஊர் ஊராகப் படம் காட்டிக் கழித்துவிட்ட பழைய வேன் ஒன்றை ஏலத்தில் எடுத்து, உள்ளே கட்டில், ஸ்டவ், தண்ணீர் டிரம், துணி உலர்த்தக் கொடி எல்லாம் வைத்து மாமா அதை வீடாக்கியிருந்தார். எத்தனை கோட் சாம்பல் பெயின்ட் அடித்தாலும் பக்கவாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் மட்டும் விடாப்பிடியாக எட்டிப் பார்க்கும். அந்த வீட்டில் நான்கு பேர்: மாமா, அக்கா, ஜல்லி, தார். ஜல்லி சாம்பல் உடம்பில் புள்ளி விழுந்த பெட்டை. தார் பெயரைப் போலவே கறுப்பு. இரண்டு நாய்களும் கண் திறந்ததே அந்த வேனுக்குள்தான். வீடு என்றால் நகரும் என்று நம்பிய ஜீவன்கள். ஓரிடத்தில் கால் தரிக்காத எனக்கு அவற்றின் மேல் இருந்த பொறாமையைச் சொல்லி மாளாது.

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் வேலை முடியப் போகிற சமயத்தில் வேன் படுத்துவிட்டது. டிரைவர் பாஷா பாய் அதை, நான் தங்கியிருந்த கள்ளக்குறிச்சியின் ஒர்க் ஷாப்புக்கு மெல்ல இறக்கிக் கொண்டுவந்தார். நாய்கள் வேனை விட்டு இறங்க மறுத்ததால் அவையும் வந்தன. கதவைத் திறந்து போட்ட வேனில் பத்து நாள் அவற்றுக்கு நான்தான் சோறு வைத்தேன். வேலை முடிந்து வேன் மலையேற வேண்டிய நாள் வந்தது. பாஷா பாய் ஒருவரே போதும் என்று மாமா சொல்லியனுப்பினார். அதில் நியாயம் இருந்தது. பதினைந்து வயதில் அக்காவின் முதல் நாய் மணியை ஏரிக்கரைக்கு ஓட்டிப் போய், வானத்தைப் பார்த்து நான்கு வரி எழுதிவிட்டு, வெறும் கயிற்றோடு வீடு திரும்பியவன் நான். அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு கோழிக்குஞ்சு, கைக்குழந்தை, தக்காளி நாற்று என்று உயிருள்ள எதையும் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் கொடுத்ததில்லை.

அந்த அக்காதான் இப்போது மாமாவை மீறிக் கடிதம் எழுதியிருந்தாள். ‘தம்பியே கூட்டிக்கொண்டு வரட்டும்.’ ஒரு வரிதான். அதற்காக நான் கல்வராயன் மலையை முதுகில் தூக்கிக்கொண்டு வரவும் தயாராக இருந்தேன்.

அந்த வரிக்குக் கீழே கட்டளைகள். மலையேறும் முன் வயிறு நிறையச் சோறு வைக்காதே, விடியலில் கொஞ்சம் கஞ்சி போதும். கழுத்தில் கட்டாதே, வளைவில் சுருக்கிக்கொள்ளும். நெஞ்சைச் சுற்றிப் பட்டை போட்டுக் கட்டு. கயிறு படுக்கிற நீளம் இருக்கட்டும், ஜன்னலை எட்டுகிற நீளம் வேண்டாம். ஜன்னல் நான்கு விரல் திறந்தால் போதும். அவை படுக்கிற சாக்கைத் துவைத்துவிடாதே, அந்த நாற்றம்தான் அவற்றுக்குத் தைரியம். கடைசி வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். ‘வழியில் என்ன ஆனாலும் கதவைத் திறக்காதே.’

அவள் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த வீட்டில் வேன் நின்றால் கதவு திறக்கும். நாய்கள் வெளியே எட்டிப் பார்க்கும், இறங்கும். நின்றும் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தச் சோதனை எனக்காகக் காத்திருந்தது.

மறியலெல்லாம் மெயின் ரோட்டில்தான், மலை ரோட்டை யார் மறிக்கப் போகிறார்கள் என்றார் பாஷா பாய். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். நான் பின்னால் நாய்களோடு, கதவில் முதுகைச் சாய்த்து, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுப்பட்டை கச்சிதம். சாக்கு கச்சிதமான நாற்றம். கரும்புக் கொல்லைகள் ஜன்னலின் நான்கு விரல் இடைவெளியில் பச்சைக் கோடாக ஓடின. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு பொறுப்பான மனிதன் என்று தோன்றியது. அதைக் கவிதையாக எழுதலாமா என்று யோசித்த நொடியில் பாஷா பாய் பிரேக் போட்டார்.

வடக்கனந்தலைத் தாண்டி, சாலைக்குக் குறுக்கே ஒரு முழுப் புளியமரம் கிடந்தது. இலை இன்னும் வாடவில்லை. இருநூறு பேர் இருப்பார்கள். பெண்கள் தார்ச்சாலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டிராக்டரின் மேல் குழாய் ஸ்பீக்கர். அது சிரிப்பதற்கான வாரம் அல்ல, யார் முகத்திலும் சிரிப்பு இல்லை. அப்போது ஒருவன் எங்கள் வண்டியின் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்துவிட்டான். இந்த நேரத்திலும் ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று கூட்டத்துக்கு அறிவித்தான்.

தலைமை தாங்கியவர் மணவாளன், நாலு ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“கவர்மென்ட் வண்டியா?”

“இல்லீங்க,” என்றார் பாஷா பாய். “இது வூடு.”

“ரோட்ல இன்னாய்யா வூடு? இஞ்சின நிறுத்திட்டு சாவியக் குடு. சாயங்காலம் வரைக்கும் இந்த ரோட்ல ஒரு வண்டி போவாது.”

பாஷா பாய் அணைத்தார். வேன் ஒரு முறை உலுக்கிக்கொண்டது. நிசப்தம். ஜல்லி கதவைப் பார்த்தாள். தார் கதவைப் பார்த்தான். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

ஜல்லிதான் ஆரம்பித்தாள். கல்யாணத்தில் நாயனக்காரர் சுதி பார்ப்பதுபோல மெல்ல எழுந்து, கூரையில் முட்டி, நான்கு விரல் இடைவெளி வழியாக ஊருக்குள் போனது அந்த ஊளை. தார் ஒரு கட்டை கீழே சேர்ந்துகொண்டான். தகர வேன் மத்தளம்போல அதிர்ந்தது. வெளியே மணவாளன் மைக்கைப் பிடித்து, “நாங்க இன்னா கேக்கறோம்?” என்று நிறுத்தினார். கூட்டம் பதில் சொல்ல வேண்டிய அந்த இடைவெளியில் ஜல்லி பதில் சொன்னாள். மறுபடி கேட்டார். தார் சொன்னான். உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு வரிசை முழுவதும் குலுங்கியது.

நான் நாய்களைத் தடவிக் கொடுத்தேன், தண்ணீர் காட்டினேன். கடைசியில் என் சொந்தக் கவிதை ஒன்றை மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். (ஊளை இரண்டு மடங்கானது. பிற்காலத்தில் பத்திரிகை ஆசிரியர்கள் இதைவிட நாசூக்காகத்தான் நடந்துகொண்டார்கள்.)

மணவாளன் ஜன்னலுக்கு வந்தார். இடைவெளியில் அவருடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

“தம்பி, எறக்கி மரத்து நெழல்ல கட்டுப்பா.”

“கதவைத் திறக்க மாட்டேங்க.”

“ஏன்?”

“எங்க அக்கா திறக்கக் கூடாதுன்னு எழுதியிருக்காங்க.”

“உங்க அக்கா இன்னா கலெக்டரா?”

 அந்தக் கண் இடைவெளிக்கு இன்னும் நெருங்கியது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “எம் பொண்ணு டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சிட்டு மூணு வருசமா வூட்ல உக்காந்துகினு கீறா. அதச் சொல்லலாம்னுதான் மைக்கப் புடிச்சேன். உன் நாயி பேசிக்கினு கீது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கேட்டது நியாயம், அவர் கோபமும் நியாயம். ஆனால் வெளியே கோடாரிகள், இன்னொரு மரம் விழப் போகிற சத்தம், இருநூறு பேர். கதவைத் திறந்தால் எது வேண்டுமானாலும் நடக்கலாம். இன்னொரு வெறும் கயிற்றோடு நான் அக்கா முன்னால் போய் நிற்கப் போவதில்லை. “மன்னிச்சுக்குங்க,” என்றேன். கதவில் முதுகை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

பொறுமை இழந்த பத்துப் பன்னிரண்டு பேர் வேனைச் சூழ்ந்துகொண்டார்கள். சாய்த்துவிடலாம் என்ற குரல் கேட்டது. வேன் ஆட ஆரம்பித்தது. ஸ்டவ் ஒரு பக்கம் போனது, மதியத்துக்கென்று நான் மூடிக் கொண்டுவந்த சாம்பார்ச் சட்டி மறுபக்கம் வந்தது. நான் இஷ்ட தெய்வத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். ஊளை நின்றுவிட்டிருந்தது. ஜல்லி சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டாள். தார் கொட்டாவி விட்டான்.

வெளியே இருந்தவர்களும் அசந்துபோய்க் கையை எடுத்தார்கள். வேன் நின்றது. ஊளை. ஆட்டினார்கள். மௌனம். நிறுத்தினார்கள். ஊளை. எதிரியின் வண்டியைக் கவிழ்க்க வந்தவர்கள் தொட்டில் ஆட்டிக்கொண்டிருப்பதை அவர்களே உணர்ந்த அந்தத் தருணத்தை நான் நான்கு விரல் அகலத்தில்தான் பார்க்க முடிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

ஆட்டினால் வண்டி கவிழும், தள்ளலாம் என்று மணவாளன் முடிவெடுத்தார். பத்தடி முன்னால், பத்தடி பின்னால். ஒரு வண்டி உருளாது என்றுதானே சொன்னோம் என்று யாரோ சட்டம் பேசினார்கள். அவர் யோசிக்கவே இல்லை. “போய்ச் சேந்தாத்தான்டா ஓட்டம். போய்ப் போய் வந்தா அது ஊஞ்சல்.”

அப்படியாக, மறியல் செய்தவர்கள் முறை வைத்து எங்கள் வேனைத் தள்ளினார்கள். மணவாளன் தன் மகளைப் பற்றிப் பேசினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் போய் வந்தேன். விடியலில் நாய்களுக்குக் கஞ்சிதான் கொடுத்தேன். எனக்கு நான் ஆறு இட்லி கொடுத்திருந்தேன். அதை யாரும் எழுதித் தடுக்கவில்லை. தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து, அதற்குள் நான் செய்த காரியத்தை அக்காவிடம் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆனது.

பாஷா பாய் தண்ணீர் குடிக்க இறங்கினார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொள்ள கோவிந்தன் என்ற கிழவர் ஏறினார். நாற்பது வருஷம் மாட்டுவண்டி ஓட்டியவர், இது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்திருப்பார். அடுத்த முறை பின்னால் தள்ளியவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இரண்டடி அதிகமாகத் தள்ளிவிட்டார்கள். சிறுபாலத்தின் மேடு தாண்டியது. அதற்கப்புறம் சரிவு. வேன் தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது. முன்னாலிருந்து கோவிந்தன் “ஹோவ்… ஹோவ்…” என்று சொல்லிப் பார்த்தது கேட்டது. அது நிற்காததால், மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல ஸ்டியரிங்கைத் தன் பக்கம் முழுசாக இழுத்தார்.

சாலையை விட்டு இறங்கி, வரப்பைத் தாண்டி, மழையில் ஊறிய மணிலாக் கடலைக் கொல்லைச் சேற்றில் பின்பக்கம் புதைந்து வேன் நின்றது. எல்லாம் முடிந்த பிறகு, தாமதமாக வந்த யோசனைபோல, பின்கதவின் தாழ்ப்பாள் தெறித்தது. கதவில் சாய்ந்திருந்த நான் மல்லாக்க வெளியே விழுந்தேன். என் மேல் சாம்பார்ச் சட்டி விழுந்தது.

கண்ணைத் திறந்தேன். வானம், மேகம், வாசலில் இரண்டு முகங்கள். நெஞ்சுப்பட்டையோடு, அளந்து கட்டிய கயிற்றோடு, ஒரு கீறல்கூட இல்லாமல் ஜல்லியும் தாரும் என்னைக் குனிந்து பார்த்தார்கள். ஊளை இல்லை. வண்டி நின்றது, கதவு திறந்தது. அவர்களுக்கு உலகம் சரியாகிவிட்டது. காலையிலேயே ஒரு நொடி கதவைத் திறந்து காட்டியிருந்தால் இவ்வளவும் வேண்டியிருக்காது என்பது சேற்றில் கிடந்தபடிதான் எனக்குப் புரிந்தது. இருந்தும் எழுந்து, வழுக்கி விழுந்து, மறுபடி எழுந்து கதவைச் சாத்தி, ஆட்கள் வரும் வரை அதை முதுகால் அடைத்துக்கொண்டு நின்றேன்.

டிராக்டர்தான் இழுக்க வேண்டியிருந்தது. இறங்கிய பக்கம் வரப்பு உயரம். கொல்லை வழியாகவே முன்னால் இழுத்துப் போனால் ஒரு வண்டிப்பாதை ரோட்டில் ஏறுகிறது. அது புளியமரத்துக்கு அந்தப் பக்கம். இழுத்து ஏற்றிய பிறகுதான் எல்லோரும் அதைக் கவனித்தார்கள். மணவாளன் மரத்தைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், சாவியைப் பாஷா பாயிடம் கொடுத்தார். ரோட்டில் தாங்கள் எதையும் விடவில்லை, கொல்லையில் போனதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றார். கோவிந்தன் என் தலையிலிருந்து ஒரு முருங்கைக்காய்த் துண்டை எடுத்துப் போட்டார்.

மத்தியானம் வெள்ளிமலையில் அக்கா கதவைத் திறந்தாள். ஜல்லியின் விலா, தாரின் பாதம், காது, பட்டைக்கு அடியில் தோல் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள். சேறு காய்ந்து நான் அய்யனார் கோயில் குதிரை மாதிரி நின்றேன்.

“அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல. நீ ஏன்டா வெளிய வுழுந்த?”

“என்னைக் கட்டச் சொல்லி நீ எழுதல.”

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் காரும் நான் இருக்கும்போது உடனே கிளம்பாது. அக்காவின் மகள் சாவியைத் திருகும் முன் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, “மாமாவக் கட்டியாச்சா?” என்று கேட்பாள். நான் சீட் பெல்ட்டை மாட்டிச் சத்தம் காட்டினால்தான் வண்டி நகரும். அவளுடைய பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதனால் என்றே தெரியாது. ஆனால் அவர்களும் அப்படியே கேட்கிறார்கள்.

அன்று சாயங்காலம் வரைக்கும் என்ற மறியல் நீண்டு, வழி திறக்க நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலை அவர்கள் ஆத்தூர்ப் பக்கம் அடுத்த வேலைக்குப் புறப்பட்டார்கள். எனக்குக் கீழே இறங்கக் கடுக்காய் லாரி ஒன்று கிடைத்தது. லாரியில் ஏறிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது, இரண்டு கயிறும் அக்கா கையில் இருந்தன. ஆத்தூருக்கு அடுத்த கேம்ப்புக்கு வேன் மாறும்போது தான் பிரசவத்துக்குப் போயிருப்பேன் என்றும், அப்போது நாய்களைக் கூட்டிக்கொண்டு வர ஆள் வேண்டும் என்றும் அவள் மாமாவிடம் சொன்னது இஞ்சின் சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டது. மாமா திரும்பி, சட்டி விழுந்த நெற்றியில் மஞ்சள் பற்றோடு லாரி மேல் நின்ற என்னைப் பார்த்தார்.

“இவனா?”

“இவன்தான்,” என்றாள் அக்கா.