அக்காவுக்கு நான் அடித்த சேலைப் பெட்டி

மரவேலை தெரியாதவன் முதலில் ஒரு ஸ்டூல் செய்து பார்க்க வேண்டும். நான் நேரே பெட்டிக்குப் போனேன். பத்தொன்பது வயதில் எனக்கு இருந்த புத்தி அவ்வளவுதான்.

அக்காவுக்குத் தலவாக்கலைப் பக்கம் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். சீதனத்துக்குச் சேலைப் பெட்டியை நானே செய்து தருவதாக வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். சேலையை அதிகம் மடித்தால் ஜரிகை உடையும், நீட்டிக் கிடத்த வேண்டும் என்பது என் திட்டம். அக்காவைச் சுவரோரம் நிற்க வைத்துக் கரியால் கோடு போட்டேன். அவள் உயரத்துக்கு மேல் நாலு விரல் கூட்டிப் படம் வரைந்தேன். (அதைப் பார்த்தும் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.) ரம்பம் இழுத்த இழுப்பில் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுக்கமாகவும் வந்தது. ஈரம் தாக்காமலிருக்கத் தார் வேறு பூசினேன்.

ஒரு மத்தியானம், தேயிலை ஸ்டோருக்குப் பின்னாலிருந்து நானும் நண்பன் முத்தையாவும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வீடு இருந்த லயத்து வரிசைக்குக் கிளம்பினோம். நான் முன்னால், அவன் பின்னால். தூறலுக்காக மேலே வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தேன். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களின் பேச்சு நாங்கள் நெருங்கியதும் நின்றுபோனது. கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்னால் காலடிகள். நாங்கள் நின்றால் அவையும் நின்றன.  நான் நடையை எட்டிப் போட்டேன். திடீரென்று சுமை பாதியாகக் குறைந்தது. முத்தையா முருகனைக் கூப்பிட ஆரம்பித்தான்.

லயத்து வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுத் திரும்பினேன். பனிக்குள்ளிருந்து கொழுந்துப் பெண்களும், தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்த ஆண்களுமாக முப்பது நாற்பது பேர் சத்தமில்லாமல் வந்து நின்றார்கள். பெட்டி தூக்கிப் போகிறவனிடம் யார் செத்தது என்று கேட்பது எங்கள் தோட்டத்தில் வழக்கமில்லை. பக்கத்தில் நடப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்றே எல்லாரும் வந்திருக்கிறார்கள்.

சுமை குறைந்தபோது இடையில் தோள் கொடுத்தவர் மாப்பிள்ளை. கல்யாண விஷயம் பேச வந்தவர், பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டி எங்கள் லயத்துப் பக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறார். அவர் முகமெல்லாம் கண்ணீர். அந்த நேரம் பார்த்து அக்கா வெளியே வந்தாள். மனுஷன் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"கல்யாணத்தைக் கெடுத்துட்டியேடா, பாவி" என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அபசகுனம் என்று சம்பந்தி வீட்டார் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது. (பெட்டியும் தயாராக இருந்தது.)

மாப்பிள்ளை மெதுவாக மூடியைத் திறந்து பார்த்தார். வெறும் பெட்டி. அக்காவைப் பார்த்தார்.

"நான் தூக்கியாந்த பொட்டிங்க அத்த. நானே எங்க வீட்டுக்கும் தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

அம்மா அழுதார். நானும் அழுதேன்.

இன்றைக்கும் அக்காவுக்கும் அத்தானுக்கும் சண்டை வந்தால் அவள் கேட்பது ஒன்றுதான்: "தாலி கட்டுறதுக்கு முன்னாடியே என்னைய அடக்கம் பண்ணக் கெளம்புன மனுசன்தானே நீங்க?"