மொட்டை மாமாவுக்கு, குச்சிகளைப் பற்றி

என் மொட்டை மாமாவுக்கு,

மருதம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், மெஷின் மூன்றும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இறந்துபோனவர்களுக்கு எழுதினால் அந்த வரியை என்ன செய்வது என்று கேட்பதற்குள் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதனால் அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போகிறேன்.

மொட்டை மாமா என்று காகிதத்தில் எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் அத்தை உங்களுக்கு வருசா வருசம் பழனியில் முடி இறக்கிவிடுவாள், எனக்கு எட்டு வயது ஆகும்வரை உங்களை நான் முடியோடு பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் அப்படிக் கூப்பிட்டேன். இப்போது பக்கத்தில் ஆளே இல்லை.

விசயம் இதுதான். உங்கள் கோல்ஃப் குச்சிகளைக் கொடுத்துவிடப் போகிறேன். நாளைக் காலையில் கோயமுத்தூர் டாக்டர் ஒருவரின் டிரைவர் வந்து பையோடு எடுத்துப் போகிறான். தரகர் ரத்தினசாமி அண்ணன்தான் ஆள் பிடித்துக் கொடுத்தார். அது போக நம் பனியன் கம்பெனியை அண்ணனே குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பனியன் மொத்தமாக எடுக்கிற பம்பாய்க்காரரிடமிருந்து கடிதாசி வந்திருக்கிறது, வருசா வருசம் போல இந்த மே மாதமும் மலைக்கு வந்திருக்கிறாராம், சனிக்கிழமை கோல்ஃப் மைதானத்துக்கு வந்தால் கூட நடந்துகொண்டே ஆர்டர் பேசலாம் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறார். தை மாதமே நீங்கள் போய்விட்டது அவருக்குத் தெரியாது. ரத்தினசாமி அண்ணன் படித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்தார். "பொம்பளை நடத்தற கம்பெனிக்கு எவனுங்க அம்மிணி ஆர்டர் குடுப்பான், பேசாம எங்கிட்ட உட்டுருங்க" என்றார். நல்ல மனிதர்தான். சரி என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அவ்வளவு பாடுபட்டு வாங்கிய பொருளை உங்களிடம் சொல்லாமல் கொடுப்பது நியாயம் இல்லையே என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாடு என்றால் சாதாரணப் பாடா. இதே ரத்தினசாமி அண்ணன்தான் போன வருசம் காதர்பேட்டை பனியன் பஜாரில் டீ குடிக்கும்போது உங்கள் காதில் ஓதினார். பம்பாய்க்காரர் ஆபீசில் நாலு நிமிசம்தான் பேசுவார், மைதானத்தில் நாலு மணி நேரம் நடப்பார், கூட விளையாடத் தெரிந்தவன் ஆர்டரோடுதான் கீழே இறங்குவான் என்று. அவ்வளவுதான். மறுநாளே கோயமுத்தூர் போய் விளையாட்டுச் சாமான் கடையில் விலை கேட்டுவிட்டு, பஸ்ஸில் வராமல் பாதித் தூரம் நடந்தே வந்தீர்கள். அந்த விலைக்கு ஓவர்லாக் மெஷினே வாங்கலாம் என்று ராத்திரிச் சோற்றில் கை வைக்கவில்லை. அப்புறம், கம்புதானே, நம் ஊரில் ஆசாரி இல்லையா என்று புளிய மரத்தில் பிடியும் பட்டறையில் இரும்புத் தலையும் வைத்துச் செய்தீர்கள். முதல் அடியில் பந்து வைத்த இடத்திலேயே இருந்தது, இரும்புத் தலை பறந்துபோய்ப் பக்கத்துச் சலவைப் பட்டறைத் தொட்டியில் விழுந்தது. அதைத் தேடித் தொட்டியை வடிக்கச் சொன்னதற்கு அவர்கள் நம்மோடு ஒரு மாதம் பேசவில்லை.

பிறகுதான் குன்னூர் ஏலம். ஊருக்குத் திரும்பிப் போகிற எஸ்டேட் துரையின் சாமான்கள். பொங்கலூர்த் தோட்டத்து முருகன் கோயிலில் பூப்போட்டுக் கேட்டீர்கள், வெள்ளைப்பூப் பொட்டலம் வந்தது, உத்தரவு கிடைத்துவிட்டது என்று விடியற்காலை கிளம்பினீர்கள். வேறு ஒருவரும் கேட்கவே இல்லையாம், கேட்ட விலைக்கே தட்டிவிட்டார்களாம். ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று நானும் யோசிக்கவில்லை, நீங்களும் யோசிக்கவில்லை. சாமியிடம் கேட்டுவிட்டோமே, மனிதர்களிடம் எதற்குக் கேட்பது. பையைப் பிரித்து எண்ணினால் ஆறு குச்சி. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று நாலில் நம்பர் அடித்திருந்தது. ஒன்று மரத்தலை. ஒன்று தட்டையாக, சாணி தள்ளுகிற கட்டை மாதிரி. நாலும் ஆறும் எட்டும் எங்கே, ஏலக்காரன் அமுக்கிவிட்டான் என்று ஆடி ஆடித் தீர்த்தீர்கள்.

அப்போதுதான் நல்லான் வந்தான். பல்லடம் ரோட்டு மில்லில் வாட்ச்மேன், அதற்கு முன்னால் இருபது வருசம் மலை மைதானத்தில் துரைமார்களுக்குப் பை தூக்கினவன். துரை யாரையாவது வைத்துக் கற்றுக்கொண்டால் கட்டுப்படி ஆகாது, நல்லானுக்கு ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்புச் சோறும் ஒரு உருண்டை ஊத்துக்குளி வெண்ணெயும் போதும். பழகுகிறவனுக்குப் பாதிக் குச்சிதான் தேவை, ஒற்றைப்படையே சரி, ஏலக்காரன் மேல் பழி வேண்டாம் என்று முதலில் உங்களைச் சமாதானப்படுத்தினான். பிறகு ஏழாம் நம்பரைக் கையில் வாங்கினான், இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், வெண்ணெயைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"முதலாளி, சொன்னா வருத்தப்படக் கூடாதுங்க. இது பீச்சாங்கைக்காரன் குச்சிங்க."

இன்னொருவராக இருந்தால் குச்சியைத் திருப்பி விற்றிருப்பார். நீங்கள் கண்ணை மூடி முருகனைக் கும்பிட்டீர்கள். "வெள்ளைப்பூ வந்துருச்சு நல்லா. அப்ப மாத்த வேண்டியது குச்சியில்ல, கைதான்" என்றீர்கள். ஒரு மாதம் எல்லாக் காரியத்தையும் இடது கையால் செய்து பழகுங்கள் என்று அவன் சொன்னாலும் சொன்னான், நம் குடும்பம் சந்தி சிரித்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை இடது கையால் நீட்டினீர்கள், மடிப்பு வேலை செய்கிற சென்னம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் என்ன தப்புச் செய்தேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதுவாவது நம் கம்பெனிக்குள். உங்கள் அக்காள், என் நங்கையாளின் மகள் நிச்சயதார்த்தத்தில், தாய்மாமன் என்று உங்களை முன்னால் உட்காரவைத்து, தாம்பூலத் தட்டை எடுத்துக் கொடுங்கள் என்றால், பழக்க தோசம், அதையும் இடது கையால் நீட்டினீர்களே. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லீன்னா வாயில சொல்லுங்க, கையில எதுக்குங்க சொல்றீங்க" என்றார். கிணற்றடியில் வழுக்கி வலது கை பிசகிவிட்டது என்று நான் ஒரு பொய் சொன்னேன். அங்கேயே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டுக் கட்டினார்கள். அப்புறம் கல்யாணம் முடியும்வரை பதினெட்டு நாள், நன்றாக இருந்த கையைக் கட்டிக்கொண்டு திரிந்தீர்கள். நல்லான் மட்டும் சந்தோசப்பட்டான், இப்போதுதான் பழக்கம் பலப்படும் என்றான்.

தலையை ஆட்டாதீர்கள், பந்து எங்கேயும் ஓடிப்போகாது என்று அவன் வாரா வாரம் கத்துவான். காதர்பேட்டையில் தலையாட்டாமல் ஒரு டஜன் பனியன் விற்றுக்காட்டு, அப்புறம் பேசு என்று நீங்கள் திருப்பிச் சொல்வீர்கள். நிலக்கடலை பிடுங்கிய காட்டில் நீங்கள் கொத்திய கொத்துக்கு அந்த வருசம் ஏர் ஓட்ட வேண்டியிருக்கவில்லை.

பந்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. செம்மண்ணில் உருண்டு உருண்டு பந்தெல்லாம் பழுப்பேறிவிட்டது. பனியன் துணிக்குப் போடுகிற பிளீச்சிங்கில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால் வெளுக்கும் என்று நான்தான் யோசனை சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். காலையில் எடுத்துப் பார்த்தால் எட்டுப் பந்தும் தோல் வெடித்துக் கிடந்தன. நீங்கள் திட்டப்போகிறீர்கள் என்று ஒன்றை முந்தானையில் மறைத்துக்கொண்டு உரித்தேன், உள்ளே பார்த்தால் நூல். ரப்பர் நூல், மயிர் மாதிரி மெலிசு, நூல் கோன் சுற்றினது போல இறுக்கமாகச் சுற்றி வைத்திருக்கிறான். முனையைப் பிடித்து இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது. நீங்கள் திட்டவில்லை. முனையை என் கையில் பிடிக்கச் சொல்லிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தீர்கள். கிணறு தாண்டி, தொழுவம் தாண்டி, வேலி வரைக்கும். அங்கிருந்து ஒரு இழு இழுப்பீர்கள், என் விரலில் தெரியும். நான் ஒரு இழு இழுப்பேன்.

"மருதா, வெள்ளைக்காரன் வெளாட்டுன்னு பயந்தனே, இதுவும் நூல் தொழில்தான் புள்ள" என்று வேலி ஓரத்திலிருந்து கத்தினீர்கள்.

எண்பது ரூபாய்ப் பந்து பாழாய்ப்போனதற்கு அப்படிச் சிரித்த மனிதரை நான் பார்த்ததில்லை. நமக்குக் கல்யாணம் ஆகி இருபத்து நாலு வருசத்தில், மெஷின் சத்தம் இல்லாமல், கணக்குப்பிள்ளை இல்லாமல், நாம் இரண்டு பேர் மட்டும் நூல் பிடித்து நின்றது அன்றைக்கு ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லான் சாப்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் தூங்கும்போது, சும்மா நிற்கிறாயே, ஒரு அடி அடித்துப் பார் என்று ஏழாம் நம்பரை என்னிடம் நீட்டினீர்கள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தேன். பந்து வரப்பைத் தாண்டி, அடுத்த காட்டையும் தாண்டி, அந்தப் பக்கம் மேய்ந்த எருமையைத் திரும்பிப் பார்க்க வைத்தது. நீங்கள் பந்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தீர்கள். சின்ன வயதில் நான் எல்லாவற்றுக்கும் இடது கையைத்தான் நீட்டுவேன், சாப்பிட உட்காரும்போது என் அம்மா அந்தக் கையைத் துண்டால் முதுகோடு கட்டிவிடுவாள், அது உங்களுக்கும் தெரியும். அத்தை வீட்டுக்கு வந்தால் அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டதே நீங்கள்தானே. அன்றைக்குப் பிறகு வாரா வாரம் நல்லான் தூங்கும் நேரம் எனக்கு ஆனது. அவன் தூங்கவில்லை, ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் கிடந்தான் என்று நீங்கள் போன பிறகுதான் சொன்னான்.

இதெல்லாம் இருக்கட்டும். விளையாட்டாகச் செய்தது வேறு, ஆர்டர் வேறு. பம்பாய்க்காரர் முன்னால் போய் நான் என்ன பேசுவேன். நமக்குப் பிள்ளை இருந்தால் அனுப்பியிருக்கலாம். தாலி இறக்கி நாலு மாதம் முடியாத பொம்பளை மலை ஏறினால் இந்த ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. ஆகையால் குச்சி டாக்டருக்கு, கம்பெனி ரத்தினசாமி அண்ணனுக்கு. டாக்டரும் இடது கைக்காரராம், நல்ல கைக்குத்தான் போகிறது. கம்பெனியில் வேலை செய்கிற பன்னிரண்டு பேருக்கும் இன்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அம்மாவும் என் அம்மாவும் அங்கே இருந்தால் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள், என் அம்மாவிடம் கையைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். மெஷின் மூன்றும் உங்களைக் கேட்டன. முருகன் உங்களை நிழலில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், மீதி இருக்கிற எங்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருதம்மாள்

பின்குறிப்பு: இது வெள்ளிக்கிழமை காலையில் எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள், அடிக்க ஆரம்பித்தால் காகிதம் கிழிந்துவிடும். டாக்டர் வீட்டு டிரைவர் எட்டு மணிக்கே வந்துவிட்டான். பையைக் கொடுப்பதற்கு முன்னால் துடைக்கலாம் என்று ஒவ்வொன்றாக வாசலில் எடுத்து வைத்தேன். சென்னம்மாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். "ரத்தினசாமி அண்ணன் வந்தா எங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை வராதுங்கம்மா, அவுருக்குத் தோணறப்பத்தான் வரும். முதலாளி உங்களுக்கும் சொல்லிக்குடுத்தாருன்னு நல்லான் சொல்றான், ஒரே ஒரு அடி அடிங்க, பாத்துட்டாவது போறோம்" என்றாள். பன்னிரண்டு பேரும் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அடித்தேன். ஓட்டுக் கூரையைத் தாண்டிப் போய்விட்டது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை, இதுவரை சண்டைக்கு யாரும் வரவில்லை. டிரைவர்தான் முதலில் கை தட்டினான். அவனுக்கு மோர் கொடுத்து, டாக்டரிடம் வேறு குச்சி பார்த்துக்கொள்ளச் சொல் என்று அனுப்பிவிட்டேன். ரத்தினசாமி அண்ணனுக்குச் சென்னம்மாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

நல்லான் மில்லில் இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். சாம்பிளுக்கு ஆறு பனியன் எடுத்துவைத்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் பஸ் பத்தரைக்கு. இந்தச் சீலையோடு அங்கே போனால் எல்லாரும் பார்ப்பார்களே என்று கேட்டேன், அந்த மைதானத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாரும் வெள்ளைதான் உடுத்துவார்கள், நீங்கள் தனியாகத் தெரிய மாட்டீர்கள் என்கிறான். ஆர்டர் கிடைக்குமோ கிடைக்காதோ. நீங்கள் இறந்த செய்தியை நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டும், அதற்கு மட்டும் இங்கிலீசும் தெரியவில்லை, இந்தியும் தெரியவில்லை. பஸ்ஸில் யோசித்துக்கொள்கிறேன்.

இருபத்து நாலு வருசத்தில் உங்களிடம் சொல்லாமல் நான் படி இறங்கியதே இல்லை. மாமா, போயிட்டு வரட்டுங்களா?